வாயில்லா ஜீவன்களுக்கு அவசர வைத்தியம்: செலவுக்கு என்ன வழி?

ஆடி மாதத்துச் சாரல். இரவு பத்து மணி. அரை ஏக்கர் தேயிலையும் ஒரே ஒரு கறவை மாடும் வைத்திருக்கும் வீடு. மாலையில் போட்ட உருளைக்கிழங்குக் கழிவைத் தின்ற மாடு, கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக நிற்கிறது. இடது பக்க வயிறு மேளம் போல் ஏறிவிட்டது. டாக்டர் இருக்கும் ஊருக்கு ஜீப் பிடிக்க வேண்டும். ஜீப் வாடகைக்கே வீட்டில் பணம் இல்லை. பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. "விடியட்டும், பார்க்கலாம்" என்று விட்டால், விடியும்போது மாடு இருக்காது.

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை அல்ல. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் எந்த மழைக்காலத்திலும் நடக்கக் கூடியது. மாட்டுக்குப் பதிலாக ஆடாக இருக்கலாம். தோட்டத்தைக் காக்கும் நாயாக இருக்கலாம். பால் மாடு போனால் மாத வருமானத்தில் பாதி போகிறது. நாய் போனால் காய்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க ஆள் இல்லை. அதற்கெல்லாம் மேலாக, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்த ஒரு ஜீவன் துடிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் வேதனை இருக்கிறதே, அதற்கு விலை போட முடியாது.

இந்த நிலை வரவேண்டிய அவசியம் இல்லை. மலையில் இலவச உதவிகள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால், மிச்சமாகும் செலவு ஊரார் சேர்ந்து தாங்கக் கூடிய அளவுதான்.

மாவனல்லா காட்டிய வழி

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் மசினகுடி பக்கம் வருகிறது. முதுமலைக் காட்டை ஒட்டிய சீகூர் பகுதி அது. மழை குறைவு, மேய்ச்சல்தான் பலருக்குப் பிழைப்பு. நோய்ப்பட்ட மாட்டை அந்த மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டு போவது ஏழைக் குடும்பத்துக்கு ஆகிற காரியம் அல்ல.

அங்கே மாவனல்லா என்ற சிற்றூரில் 1990களில் ஒரு பிராணிகள் காப்பகம் உருவாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த டியானா கிராண்ட்ஸ் என்ற பெண்மணியும் அவருடைய கணவரான கால்நடை மருத்துவர் மைக்கேல் ஃபாக்ஸும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. 'இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்' என்று பெயர். சுருக்கமாக 'இபான்' என்பார்கள். காப்பகத்தை நைஜல் ஆட்டர் கவனித்து வந்தார். பின்லாந்து நாட்டுக் கால்நடை மருத்துவரான இலோனா ஆட்டரும் பின்னர் இதில் சேர்ந்தார். கைவிடப்பட்ட கழுதைகள், மட்டக் குதிரைகள், அடிபட்ட மாடுகள், நாய்கள் ஆகியவற்றுக்கு அங்கே அடைக்கலம் கிடைத்தது. சுற்று வட்டாரக் கிராமத்தாரின் கால்நடைகளுக்கும் வைத்தியம் செய்யப்பட்டது.

இதைத் தொடர்ந்து, இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'வேர்ல்ட்வைட் வெட்டினரி சர்வீஸ்' என்ற அமைப்பு நீலகிரியில் ஒரு பயிற்சி மையம் நிறுவியது. இளம் கால்நடை மருத்துவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் வந்து இங்கே அறுவை சிகிச்சையில் பயிற்சி பெறுகிறார்கள். இதனால் மலை ஊர்களின் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கிடைக்க வழி ஏற்பட்டது. கோத்தகிரியிலும் ஒரு பிராணிகள் நலச் சங்கம் உண்டு.

மாவனல்லா கற்றுத் தரும் பாடம் எளியது. ஏழையின் மாட்டை டாக்டரிடம் கொண்டு போக முடியாவிட்டால், வைத்தியத்தை மாட்டுக்கு அருகில் கொண்டு வர வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. முதல் உலகப் போர் நடந்த காலத்தில், 1917ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் ஏழைகள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் மரியா டிக்கின் என்ற பெண்மணி ஒரு நிலவறையில் இலவசப் பிராணி வைத்தியசாலை தொடங்கினார். வண்டி இழுக்கும் கழுதையும், வீட்டு நாயும், பூனையும் அங்கே வந்தன. சில ஆண்டுகளில் வண்டியிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஏற்பாடும் வந்தது. 'பி.டி.எஸ்.ஏ.' என்ற அந்த நிறுவனம் இன்றும் பிரிட்டனில் வசதியற்றவர்களின் பிராணிகளுக்கு வைத்தியம் செய்து வருகிறது.

இலவசமாகக் கிடைப்பவை

நம் மாநிலத்தில் அரசு கால்நடை மருந்தகங்களில் வைத்தியம் பார்க்கக் கட்டணம் வாங்குவதில்லை. கையிருப்பில் உள்ள மருந்தும் இலவசம். இருப்பில் இல்லாத மருந்தைத்தான் வெளியே வாங்க வேண்டியிருக்கும். மருந்தகம் தூரமாக உள்ள இடங்களில் கால்நடை கிளை நிலையமும் அங்கே கால்நடை ஆய்வாளரும் இருப்பார்கள். பெரிய சிகிச்சைக்கு உதகை அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். இந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதற்குமாக 245 ஊர்திகள் விடப்பட்டன. ஊர்தி எந்தெந்த நாளில் எந்தெந்த ஊருக்கு வருகிறது, அவசர அழைப்புக்கு எந்த நேரம் வரை வரும் என்பதை மருந்தகத்தில் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாடு சாய்ந்த பிறகு விசாரிப்பதில் பயன் இல்லை.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்கள், சங்கம் மூலம் கிடைக்கும் கால்நடை வைத்திய வசதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோமாரி நோய்த் தடுப்பூசி, கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி, ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஆகியவை அரசு முகாம்களில் இலவசமாகவே போடப்படுகின்றன. கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டுமே. அந்த வயதைத் தவற விடக் கூடாது. முகாம் நாளில் ஒரு மணி நேரம் தேயிலை பறிப்பதை நிறுத்திவிட்டு மாட்டைக் கொண்டு போனால், பின்னால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

எது அவசரம்?

எல்லா நோய்க்கும் இரவில் ஜீப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

தொண்டை அடைப்பு: உருளைக்கிழங்கு, பீட்ரூட், முள்ளங்கி, காரட் ஆகியவற்றை மாடு முழுதாக விழுங்கும்போது ஏற்படுவது. எச்சில் ஒழுகும், இருமும், மூக்கு வழியாகத் தீனி வரும். ஏப்பம் வெளியேற வழி இல்லாததால் வயிறும் உப்பும்.

வயிறு உப்புசம்: ஈரமான முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளை வெறும் வயிற்றில் அதிகமாகத் தின்றால் வரும். டாக்டர் வரும் வரை மாட்டைப் படுக்க விடாமல், முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும்.

கன்று ஈன முடியாமை: பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வெளிவராவிட்டால் டாக்டரை அழைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால் தாயும் போகும், கன்றும் போகும்.

பால் சுரம்: கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள், நன்றாகப் பால் தரும் மாடு எழுந்திருக்க முடியாமல் தலையை விலாப் பக்கம் மடித்துப் படுத்துவிடும். காது சில்லிட்டிருக்கும். பெயரில் சுரம் இருந்தாலும் உடம்பில் சூடு இருக்காது. டாக்டர் இரத்தக் குழாயில் சுண்ணாம்புச் சத்து ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். விட்டுவிட்டால் உயிர் போகும்.

சிவப்பு மூத்திரம்: காய்ச்சலோடு வந்தால் உண்ணி பரப்பும் இரத்த நோயாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் பல வாரம் விட்டு விட்டு வந்தால், மலைச்சரிவில் முளைக்கும் பெரணியை நெடுநாள் தின்றதன் விளைவாக இருக்கலாம். நாளாகிவிட்டால் இதற்கு வைத்தியம் கடினம். எனவே பெரணி மண்டிய இடத்தில் மேய விடாமல் இருப்பதே வைத்தியம்.

வாய் சிதைவு: பன்றிக்காக யாரோ வைத்த அவுட்டுக்காயைக் கடித்து மாட்டின் தாடை கிழிவதும் உண்டு. டாக்டரை அழைப்பதோடு போலீசுக்கும் வனத்துறைக்கும் தகவல் தர வேண்டும்.

நாய்: குட்டி வாந்தி எடுத்து இரத்தமாகக் கழிந்தால், சுருக்குக் கம்பியில் சிக்கி வயிறு அறுபட்டால், முள்ளம்பன்றி முள் முகத்தில் தைத்தால் தாமதம் கூடாது.

செய்யக் கூடாதவை

செலவை மிச்சம் பிடிக்கச் செய்யும் சில காரியங்களே செலவைப் பெருக்கிவிடுகின்றன. எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தொண்டையில் சிக்கியதைக் கம்பாலோ குழாயாலோ உள்ளே தள்ளினால் உணவுக்குழாய் கிழியும். விழாத நஞ்சுக்கொடியைக் கையால் பிடித்து இழுத்தால் கருப்பையில் புண் ஏற்படும். 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் டாக்டரிடம் சொல்வதே முறை.

மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பிராணிக்குக் கொடுப்பது பெரும் தவறு. பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். இபுப்ரொஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது 2006ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. தென்னிந்தியாவில் அந்தக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மோயாறு பள்ளத்தாக்கும் ஒன்று. கீட்டோப்ரொஃபென், அசெக்ளோஃபெனாக் மருந்துகளும் 2023ஆம் ஆண்டில் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மருந்தை டாக்டர் எழுதித் தருவார்.

நாய்க்கு ஒரு ஊசி

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் எவ்வளவு பணம் செலவழித்தாலும் பிராணியைக் காப்பாற்ற முடியாது. மனிதனுக்கும் அப்படித்தான். ஆனால் வருமுன் தடுப்பது மிகச் சுலபம். குட்டிக்கு மூன்று மாதத்தில் ஒரு ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி, அதன் பின் ஆண்டுக்கு ஒரு ஊசி போதும். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கோவா மாநிலம் இந்த வழியில் சென்று, 2021ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடி நோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

நாய் மாட்டைக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கையுறை அல்லது பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு கழுவுவது நல்லது. அன்றே டாக்டரிடம் காட்டினால் மாட்டுக்கும் தொடர் ஊசி போட முடியும். மனிதரைக் கடித்தால், கழுவிய கையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பத்து ரூபாய் நிதி

இலவச வைத்தியம் கிடைத்தாலும் ஜீப் வாடகை, வெளியே வாங்கும் மருந்து, குளுக்கோஸ் பாட்டில் ஆகியவற்றின் செலவு நம் தலையில்தான். குடும்பத்தை முடக்குவது இந்தத் திடீர்ச் செலவே. இதற்கு ஊரார் தாங்களே ஒரு வழி செய்துகொள்ளலாம்.

ஒரு ஹட்டியிலோ லைன் வீடுகளிலோ 40 குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் வீட்டுக்கு 10 ரூபாய் போட்டால் வாரத்துக்கு 400 ரூபாய். ஆண்டுக்கு 20,800 ரூபாய் சேரும். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் வரை கொடுத்தாலும் ஆண்டில் பத்து ஆபத்துகளைச் சமாளிக்கலாம். கொடுத்த பணம் திரும்பி வரும்போது நிதி வளரும். தருமபுரி மாவட்டத்தில் 1989ஆம் ஆண்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதும் பரவின. சிறு சேமிப்பைச் சேர்த்து வைத்து அவசரத்துக்குக் கொடுக்கும் பழக்கம் நம் பெண்களுக்குப் புதிதல்ல. அதே குழுவில் கால்நடைக்கென்று ஒரு தனிக் கணக்கு எழுதினால் போதும்.

நிதி நிலைக்க வேண்டுமானால் விதிகள் தெளிவாக இருக்க வேண்டும்.

1. பணம் தபால் நிலையத்திலோ வங்கியிலோ கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். இரவு அவசரத்துக்காக ஒரு சிறு தொகை மட்டும் பொறுப்பாளர் வீட்டில் இருக்கட்டும்.

2. பொறுப்பாளர் இருவர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. மாட்டுக்குத் தீனி போடுவதும் பால் கறப்பதும் பெரும்பாலும் அவர்களே. இரவில் ஒருவர் சம்மதித்தாலே பணம் தரலாம்; காலையில் மற்றவர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

3. கொடுப்பது வட்டியில்லாக் கடன். பால் பணம் அல்லது தேயிலைப் பணம் வரும்போது தவணையாகத் திருப்ப வேண்டும். பிராணி இறந்துவிட்டால் பாதியைத் தள்ளுபடி செய்யலாம்.

4. ஜீப்காரருக்கும் மருந்துக் கடைக்கும் நேராகப் பணம் கொடுத்து, ரசீது வாங்கி நோட்டில் ஒட்ட வேண்டும்.

5. தடுப்பூசி போட்ட பிராணிக்கு மட்டுமே நிதி கிடைக்கும் என்று வைத்தால், முகாம் நாளில் ஒரு வீடும் விட்டுப் போகாது.

6. மாடு, ஆடு, நாய் என்று பேதம் பார்க்க வேண்டாம். நாய் வைத்திருப்பவரும் அதே பத்து ரூபாயைத்தான் போடுகிறார்.

இன்ஷூரன்ஸ்

நிதி வைத்தியத்துக்கு, இன்ஷூரன்ஸ் இழப்புக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 2024ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, பிரீமியத்தில் நூற்றுக்கு 15 பங்கைக் கால்நடை வளர்ப்போர் கட்டினால் போதும். மற்றதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். மொத்தப் பிரீமியம் 2,000 ரூபாய் என்றால் விவசாயியின் பங்கு 300 ரூபாய்தான். ஒதுக்கீடு வரும் சமயத்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பதிய வேண்டும்.

காதுவில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. வில்லை விழுந்துவிட்டால் அன்றே சொல்லிப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் டாக்டருக்கும் தகவல் தந்து, பிரேதப் பரிசோதனைச் சான்று பெற வேண்டும். புலியோ சிறுத்தையோ அடித்திருந்தால் உடலை நகர்த்தாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அரசு இழப்பீட்டுக்கும் டாக்டர் சான்று தேவை.

கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை கொடுப்பது 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தீனி, மருந்து போன்ற நடப்புச் செலவுக்கு இதில் கடன் பெறலாம். கந்துவட்டிக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்றே செய்ய வேண்டியவை

மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஓர் அட்டையைத் தொங்க விடுங்கள். மருந்தக டாக்டரின் போன் எண், 1962, ஜீப்காரரின் எண், நிதிப் பொறுப்பாளரின் எண் ஆகிய நான்கும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சினை பிடித்த தேதியையும் கன்று ஈன வேண்டிய நாளையும் அதிலேயே குறித்து வைத்தால், அந்த வாரம் கையில் கொஞ்சம் பணம் வைத்திருக்கலாம். போன் செய்யும்போது நோயின் அறிகுறி, ஆரம்பித்த நேரம், தின்ற தீனி ஆகிய மூன்றையும் சொன்னால், டாக்டர் தேவையான மருந்தோடு வர வசதியாக இருக்கும்.

உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் அரிவாள்மணையில் சிறு துண்டாக நறுக்கிப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆடிச் சாரலில் நடு இரவு ஜீப் தேடும் பாட்டை அந்த ஐந்து நிமிடம் தடுத்துவிடும்.

அதையும் மீறி ஆபத்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் போனை எடுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்துப் பத்து ரூபாயாக நாற்பது வீடுகள் சேர்த்து வைத்த பணம் அந்த நேரத்துக்குத்தான்.